ராசியில்லாத சிலுவை

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. "நீதான் அவரோட எப்பவும் சண்ட போட்டுகினு இருப்ப. நீ எழுதனாத்தான் சரியா இருக்கும்" என்றார். பொத்தேரியில் ஒரு மாணவியர் விடுதியில் நான் வார்டன். அதட்டிப் பேசியே பழகிய நாக்கு. நல்லவர், வல்லவர் என்று மட்டும் எழுதி முடிக்க எனக்கு வராது. அண்ணனுக்கும் அது பிடித்திருக்காது.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, சாயங்காலத்தில் கடல் காற்று வந்து சேரும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். வயலில் வேலை இல்லாத மாதங்களில் குவாரிக்கு ஜல்லி உடைக்கப் போவார்கள். அண்ணன் மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்த இருவர் தங்கவில்லை. செங்கல்பட்டில் திருச்சபை விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அண்ணன், அப்பா நெஞ்சுவலியில் படுத்ததும் படிப்பை விட்டுவிட்டு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். என் படிப்பு மட்டும் நிற்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் இன்று நாலு பேரை அதட்டிச் சம்பாதிப்பது அவர் நெருப்பில் நின்றதால்தான்.

பிறகு சிங்கப்பெருமாள் கோயிலில் சொந்தப் பட்டறை போட்டார். கம்பெனிகளுக்குக் கொட்டகை, வீடுகளுக்கு கேட், கிரில் என்று வேலை வந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கம்பிக் கதவு செய்து கொடுத்தவரும் அண்ணன்தான். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். "கதவு கேட்டாங்க, செஞ்சி குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

எங்கள் ஆலயத்துக்குக் கோபுரம் கட்டியபோது, அதன் உச்சிக்கு இரும்புச் சிலுவை செய்து தருவதாக அண்ணன் ஏற்றுக்கொண்டார். இரண்டு ஆள் உயரம். அதை மேலே தூக்கப் பட்டறையிலிருந்து செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியைக் கொண்டு வந்திருந்தார். ஆனால் சபையார் கேட்கவில்லை. சிலுவையை ஏற்றும் கயிற்றில் எல்லாருடைய கையும் பட வேண்டும், அது ஆசீர்வாதம் என்றார்கள். அண்ணனும் சம்மதித்தார். கோபுரச் சாரத்தில் உருளையைக் கட்டி, கயிற்றைக் கீழே விட்டார்கள். ஆணும் பெண்ணுமாக எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிலுவை ஆடாமல் இருக்க அண்ணன் அதன் அடியில் நின்று கையால் பிடித்துக்கொண்டார்.

சிலுவை தரையை விட்டு எழும்பி அண்ணனின் இடுப்பு உயரத்துக்கு வந்தது. எங்கள் உபதேசியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து ஆயர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஆராதனை நடத்துவதும் ஜெபிப்பதும் உபதேசியார்தான். அந்தச் சந்தோஷத்தில் அவர் உரக்கச் சொன்னார்: "கண்களை மூடி ஜெபிப்போம்."

ஞாயிறு பள்ளியிலிருந்து பழகிய பழக்கம். ஜெபிப்போம் என்றால் கண் மூடும், கைகள் குவியும். எல்லாரும் கண்ணை மூடினார்கள். எல்லாரும் கை குவித்தார்கள். கயிற்றை யாரும் பிடித்திருக்கவில்லை.

இப்படி ஒரு தப்பு உலகத்தில் வேறு யாருக்கும் நேராது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனின் வலது பாதம் நசுங்கிப் போனது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துத்தான் அவரைப் பிழைக்க வைத்தார்கள்.

உபதேசியார் பார்க்க வந்தார். வாசலிலேயே நான் மறித்துக்கொண்டேன். "எங்க அண்ணன் கால வாங்கினு, இன்னா மூஞ்சியோட வந்து நிக்கிறீங்க?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். கட்டிலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "பாப்பா, ஐயாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போடு." எடுத்துப் போட்டேன். சத்தம் கேட்கும்படிதான் போட்டேன்.

உபதேசியார் உட்கார்ந்தார். ஜெபம் பண்ணச் சொன்னார் அண்ணன். அவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. "எனக்கு வரலப்பா. அன்னியிலிருந்து வரல" என்று அழுதார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கயித்துக்குச் சம்மதிச்சது நான்தான் ஐயா" என்றார். கால் போன மனிதர் தேற்றுகிறார், கால் உள்ளவர் அழுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊரில் மேலத்தெருவில் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் உண்டு. மாரியம்மன் கோயில் கதவுக்கு ஆர்டர் கொடுத்தவர் அவர்தான். அவரும் சாத்துக்குடியோடு வந்தார். ஒளிவுமறைவு தெரியாத மனிதர். "கோச்சிக்காத மேஸ்திரி. எல்லாரையும் சாமி காப்பாத்துது. உன் சாமி உன் மேலயே வுழுந்துச்சே. இன்னும் அதையா கும்புட்டுகினு இருப்ப?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி என்று நான் நினைத்தேன். அண்ணன் சொன்னார்: "அண்ணாத்த, அவரு சிலுவையில தொங்கறப்போ எறங்கி வாடான்னுதான் எல்லாரும் கத்துனாங்க. எறங்கி வந்திருந்தா பெரிய பலசாலின்னு கைதட்டியிருப்பாங்க. அவரு எறங்கல. தன்ன அடிச்சவனுக்காக வேண்டிகினு அங்கியே இருந்தாரு. அவருக்கு பலம் இல்லாம இல்ல. அதுதான் அவரு பலம். கால் நல்லா இருந்தப்போ எனக்கு இது வெறும் பேச்சு. இப்போ கட்டில்ல படுத்துகினு கீறேன், அவரு பக்கத்துல கீறாருன்னு தெரியுது."

சிநேகிதர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சாத்துக்குடியை உரித்து அண்ணனுக்குக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் வீடு திரும்பியபோது சிலுவை ஆலயத்தின் வேலி ஓரமாகப் புல்லில் கிடந்தது. ஒரு பக்கக் கை லேசாக வளைந்திருந்தது. கோபுரம் மொட்டையாக நின்றது. உபதேசியார் ஊரைக் காலி செய்ய மூட்டை கட்டிவிட்டார். போகட்டும் என்றுதான் சபையில் பாதிப் பேர் சொன்னார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. சிலுவையையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் சொன்னால் கருங்கல்லில் அழகாகச் செய்து தருவார்கள், விழுந்த சிலுவை ராசியில்லாதது, அதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஆராதனை முடிந்ததும் பேச்சு நடந்தது.

அக்குளில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு அண்ணன் எழுந்தார். அண்ணன் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"ராசியான சிலுவைன்னு எங்கனா கீதா? அதுல தொங்கனவருக்கே அது ராசியில்ல. கொல்றதுக்கு செஞ்ச மரம் அது. அதத்தான் தேவன் எடுத்து நம்மள பொழைக்க வெச்சாரு. படிச்சவன் புத்திக்கும் அது எட்டல, பலசாலி புத்திக்கும் எட்டல. வுழுந்துட்டான்னு மனுசன தூக்கிப் போட்டுட்டு, வுழுந்துச்சின்னு சிலுவையையும் தூக்கிப் போட்டுட்டு, அப்புறம் இன்னாத்த கும்புடப் போறோம்?"

இத்தனை வருஷம் கேட்ட பிரசங்கங்களில் சிலுவை எனக்குப் புரிந்ததில்லை. ஒற்றைக்காலில் நின்று அண்ணன் கத்தியபோது கொஞ்சம் புரிந்தது. அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. உபதேசியார் மேல் கோபமும் அப்படியே இருந்தது.

அதே சிலுவையைத்தான் ஏற்றினார்கள். வளைந்த கையை நிமிர்த்த வேண்டாம் என்று அண்ணன் விட்டுவிட்டார். செயின் பிளாக்கை மாட்டினார். பாதுகாப்புக்கு அது இருக்கட்டும், ஆசைக்குக் கயிறும் இருக்கட்டும் என்றார். எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி உபதேசியாரைக் கூப்பிட்டார். மூட்டையை அவிழ்க்காமலே வந்து நின்ற மனிதர் அவர்.

"ஐயா, ஜெபம் நீங்கதான் பண்ணணும்."

"என்னால ஆவாதுப்பா."

"ஆவும். ஆனா கண்ண மூடாதீங்க. யாரும் மூட வேணாம். கயித்த புடிச்சிகினே ஜெபிப்போம்."

உபதேசியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, திக்கித் திக்கி ஜெபித்தார். சிலுவை மேலே போனது. ஆமென் சொல்லும்போது சிலருக்குச் சிரிப்பு வந்தது, சிலருக்கு அழுகை வந்தது. அண்ணனுக்கு இரண்டும் வந்தது. உபதேசியார் ஊரை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு அண்ணன் செயற்கைக் காலோடு பல ஆண்டுகள் பட்டறை நடத்தினார். பிள்ளைகளைப் படிக்க வைத்து, மகளுக்குத் திருமணம் முடித்தார். மகன் நாவலூரில் வேலை பார்க்கிறான். கடைசியில் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்தது. படுக்கையில் விழுந்த மாதங்களில் உபதேசியார் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுப்பேன். பேச மாட்டேன். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

ஒரு காலைப்பொழுதில், அண்ணி கையில் இருந்த கஞ்சியைக் குடிக்காமல், அமைதியாகப் போய்விட்டார்.

அண்ணனுக்கு மருத்துவமனையிலும் வீட்டிலும் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பட்டறைப் பிள்ளைகளுக்கும், அடக்கத்துக்கு வந்த எல்லாருக்கும் பந்தல் போட்டு, தண்ணீர் வைத்து, வாசலிலேயே நின்ற மேலத்தெரு சிநேகிதருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கக் கயிறு போட்டார்கள். பெண்கள் பிடிக்கும் வழக்கமில்லை என்று யாரோ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். எதிர் நுனியில் உபதேசியார். அவருக்கும் வயதாகிவிட்டது. அவர் ஜெபிக்கத் தொடங்கியதும் பழக்கதோஷத்தில் எங்கள் கண்கள் மூடப் பார்த்தன.

"கண்ண மூடாதீங்க" என்றார் உபதேசியார். "யாரும் மூட வேணாம். கயித்த புடிச்சிகினே ஜெபிப்போம்."

நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். "பண்ணுங்க ஐயா" என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் கத்திய பிறகு நான் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. அண்ணனை மெதுவாக இறக்கினோம். பெட்டி தரையைத் தொடும்வரை கயிற்றை விடாமல் பிடித்திருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி.