நான் ஆற வைத்த சோறு

என் மருமகளைப் பற்றிப் பொய் எழுதினேன். அவசரத்தில் அல்ல, நான்கு முறை திருத்தி, நிதானமாக எழுதினேன்.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் பத்துக் கிழவர்கள் இருந்தோம். பிள்ளைகள் மாதாப்பூரில் கணினி முன் உட்கார்ந்து சம்பாதித்ததைத் தின்றுவிட்டு, குடும்பம் கெட்டுப்போனதாகக் கதை எழுதுவோம். எங்கள் கதைகளில் மருமகள் ஐ.டி. வேலைக்குப் போனால் மாமனார் பட்டினி கிடந்தே தீர வேண்டும்.

என் கதையின் முதல் படியில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஏழு மணி வண்டிக்கு ஓடுமுன் மருமகள் சோற்றை ஹாட் பாக்ஸில் மூடி வைக்கிறாள். மனைவியை இழந்த மாமனார் மத்தியானம் திறக்கிறார்; ஆவி வருகிறது. அவ்வளவுதான் கதை. என் வீட்டில் நடந்ததும் அதுதான்.

வட்டத்தில் படித்துக் காட்டினேன். இங்கேயே பிறந்து, ரயில்வே பட்டறையில் ஓய்வுபெற்ற ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பது அவர் பேச்சு.

“ஹவ் சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா மருமக நல்லவன்னா கதை எங்க சார்? நக்கோ! சோறு சூடா இருந்தா எவன் அழுவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டாம் படியில் சோற்றை ஆற வைத்தேன். மூன்றாம் படியில் அது முந்தின நாள் சோறானது. ஐந்தாம் படியில் அவள் சமையலறையைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பூட்டை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதைக் கலை என்று நினைத்துக்கொண்ட மடையன் நான். நம்பும்படி இருக்கட்டுமென்று அவளுடைய திருநெல்வேலியையும் ஏழு மணி வண்டியையும் அப்படியே விட்டுவைத்தேன்.

ஒரு மாத இதழில் கதை வந்தது. ஊரில் அவளுடைய உறவுக்காரர்கள் படித்தார்கள்.

“நம்ம வீட்ல சமையக்கட்டுக்குப் பூட்டே கிடையாதே மாமா,” என்றாள் மருமகள். “தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தவங்க கேட்டாங்களாம், அக்கா இப்படின்னா தங்கச்சி எப்படின்னு. எங்கம்மா போன்ல அழுதா. நான் என்ன சொல்லட்டும்?”

“கதைதானேம்மா,” என்றேன்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோன பிறகுதான் எனக்கு உறைத்தது. பரிகாரமாக இன்னொரு கதை எழுதினேன். அதில் மருமகள் மாமனாரின் காலைப் பிடித்துவிட்டாள். அனுப்புமுன் அவளிடம் கொடுத்தேன். அவளுடைய வேலையே மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. நின்றபடியே படித்து முடித்தாள்.

“அதுல அரக்கி, இதுல அம்மன். நான் உங்ககிட்ட கத்தினது, சமைக்காம போனதெல்லாம் எங்க மாமா? கதை வேண்டாம். பூட்டு பொய்னு எங்கம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்க.”

அந்த ஒரு வரிக்கு நான்கு படிகள் எழுதினேன். மூன்றில் என்னைப் பற்றிய சமாதானமே அதிகம் இருந்தது. நான்காவதைத் தபாலில் சேர்த்தேன். பதில் வரவில்லை.

அடுத்த வருடம் தங்கைக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழ் மகன் பெயருக்கும் மருமகள் பெயருக்கும் வந்தது. அவர்கள் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன்.