மூன்று தரம் தோற்ற சட்டத்தரணி

அண்ணர் பருத்தித்துறையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகி, ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியின் மூன்றாம் மாடியில் காலமானார். பெற்றோரை இழந்த எனக்குத் தாயும் தகப்பனும் அவரே. நான் அவருக்கு யார் என்றால், நாற்பத்தைந்து வயதுத் தலையிடி.

எண்பத்து நான்கில் இருவரும் ஒன்றாகவே வந்து இறங்கினோம். அகதிகள் அலுவலகத்தார் என்னை ஆஹென் நகரிலும் அவரை ஒரு மணி நேர ரயில் தூரத்துச் சிற்றூரிலும் விட்டார்கள். ஊர் எல்லை தாண்ட ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதம் வேண்டும். ஒரு மணிப் பயணத்துக்கு மூன்று கிழமைக் காத்திருப்பு.

அண்ணர் கொண்டுவந்தது ஒரே ஒரு புத்தகம்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவரின் வரலாறு. வழக்காடிப் பெயரெடுத்து, சபாநாயகராகி, வடக்கும் தெற்கும் ஒன்றோடொன்று அடிபடாமலிருக்கச் சமரசம் பேசிப் பேசியே நரைத்தவர். ஜனாதிபதிப் பதவிக்கு மூன்று தரம் நின்று மூன்று தரமும் தோற்றவர். விடுதிச் சமையலறையில் பொடியங்கள் அந்தக் கதை கேட்பார்கள்.

"பிறகு சமாதானமாப் போச்சுதோ அண்ணை?"

"இல்லையடா. மனுசன் கண்ணை மூடினாப் பிறகு அடிபட்டவை."

"அப்ப அந்தாள் சும்மா கத்தியிருக்கிறார்."

"ஓம். ஆனா அவர் இருக்குமட்டும் அடிபடேல்லை."

பொடியங்களுக்கு 'அன்ட்ராக்' எல்லாம் அகராதியை வைத்து எழுதிக் கொடுத்தவர் அண்ணர்தான். மனைவியைக் கணவனிடமும் பிள்ளையைத் தகப்பனிடமும் சேர்த்துவிட்ட விண்ணப்பங்கள் அவை.

எங்களை ஒரே ஊரில் விடும்படியும் மூன்று தரம் எழுதினார். மூன்றும் நிராகரிக்கப்பட்டன. பிரதிகளை எனக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் ஏழு பக்கம், ஏழும் சட்டம். தெருவோரக் காசுத் தொலைபேசியில் சொன்னேன்:

"அண்ணை, தனிச்சுப் போனன் எண்டு ஒரு வசனம் போடுங்கோவன்."

"சொந்த வழக்கில அழுறது சட்டத்தரணிக்கு அழகில்லை. நீ சாப்பிட்டியோ?"

"மூண்டு தரம் தோத்திட்டியள். இனி உங்களைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதுவினம்."

அவர் சிரிக்கவில்லை. சில்லறை முடிந்து தொடர்பு அறுந்தது. அதுவே எங்கள் கடைசிப் பேச்சு. மூளை இருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பகிடிதான் இருக்கிறது.

அண்ணர் நித்திரையிலேயே போய்விட்டார் என்று அலுவலகத்தில் நான் சொன்னபோது, அனுமதிக் கடிதத்தைப் பத்து நிமிடத்தில் தந்தார்கள். அவருடைய மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது. உள்ளே நான்காவது விண்ணப்பம். பெயரும் முகவரியும் மட்டும் ஜெர்மன் மொழியில். கீழே தமிழில் ஒரே வரி:

"தம்பி பக்கத்தில இல்லாமல் எனக்கு ஏலாது."

அண்ணருடன் அறையில் இருந்தவர்களுக்கும், செத்தவீடு நடந்த மூன்று நாளும் எனக்குச் சோறு போட்ட விடுதி அக்காவுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி அண்ணரை வழியனுப்ப வந்தவர்களுக்குத் தனி நன்றி. அதற்காக எவருக்காவது அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் என்னிடம் தாருங்கள். பதில் நான் எழுதுகிறேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஏன் வந்தீர்கள் என்று ஒரு வரி போடுவேன்.

தம்பி