ஆடியில் நாங்கள் ஓய்வெடுத்த கதை

கல்யாண மேடையில் வாசிப்பவன் பிழைப்பு ஒரு தினுசான பிழைப்பு: ஊரே பட்டு உடுத்திச் சந்தோஷமாக இருக்கும் நாளில் அவனுக்கு வேலை, அவன் சும்மா இருக்கும் நாளில் ஊருக்கு வேலை. மற்ற நாடுகளில் இசைக்காரர்கள் கோடை விடுமுறைக்குத் திட்டம் போடுகிறார்களாம். நம் பினாங்கில் வருடம் முழுக்கக் கோடைதான். இதில் எந்தக் கோடையில் விடுமுறை எடுப்பது? நல்லவேளையாக நமக்கு ஆடி என்று ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கோயில் மேளக்காரர்களுக்கு ஆடியில் மூச்சுவிட நேரமிருக்காது. ஹாலில் சினிமாப் பாட்டு வாசிக்கும் நமக்கோ சனிக்கிழமைகள் சுத்தமாகக் காலி. மார்கழியிலும் கல்யாணம் கிடையாதே என்று கேட்பீர்கள். அப்போது கம்பெனிகளின் ஆண்டு இறுதி விருந்துகள் வந்து பிடித்துக்கொள்ளும். ஆக, ஓய்வு என்றால் ஆடிதான்.

எங்கள் குழுவில் நாலு பேர். கணேசன் அண்ணன் தலைவர், அவரேதான் அறிவிப்பாளர். விமலா அக்கா பாடகி. சேவியர் டிரம்ஸ், வாரநாட்களில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் கீபோர்டு, வாரநாட்களில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக் காதைக் கெடுத்துக்கொள்பவன். நீங்களும் மேடைக்காரர் என்றால் இதையெல்லாம் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டால் போதும்.

மேகலாவின் சனிக்கிழமை

என் மனைவி மேகலாதான் குழுவுக்கு புக்கிங் எடுப்பவள். முதலில் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். எனக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. அதனால் ஒருநாள் தீவில் ஒரு கல்யாணம், அக்கரையில் ஒரு கல்யாணம் என்று ஒரே மாலைக்கு இரண்டை ஒப்புக்கொண்டு, பாலத்து நெரிசலில் மாட்டியதில், இரண்டு மணமக்களும் பாட்டில்லாமலே மேடை ஏறினார்கள். அன்றோடு புக்கிங் போன் கைமாறியது. மேகலா 'முடியாது' என்று சொன்னால் எதிராளி 'நன்றி' என்று சொல்லி வைப்பான். அப்படி ஒரு குரல்.

அவளுக்கு வாழ்க்கையில் ஓர் ஆசை, கேமரன் மலைக்குப் போய்க் குளிரில் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஆடியிலும் போகலாம் என்பேன். ஒவ்வொரு ஆடியிலும் யாராவது பிறந்தநாள், அறுபதாம் ஆண்டு நிறைவு என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த வருடம் அவள் என்னைக் கேட்கவே இல்லை. ஒரு சனிக்கிழமையைப் பார்த்து அவளே அறை போட்டுவிட்டாள். காலைப் பசியாறலின்போது, எங்கள் ஐந்து வயது மகள் யாழினிக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தபடியே எனக்குச் செய்தி சொன்னாள்: "இந்தத் தடவ நீங்க வரலைன்னா நானும் யாழினியும் பஸ் ஏறிடுவோம். திரும்பி எப்ப வருவோம்னு மட்டும் கேக்காதீங்க."

குரலுக்கு ஓய்வு

விமலா அக்கா ஆடி முழுக்கப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். குரலுக்கு ஓய்வாம். ஆனால் வீடு நடக்க வேண்டுமே. போனில் தட்டினால் அதுவே சத்தமாக வாசிக்கும் வசதி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் வந்ததோ ஓர் ஆண் குரல், செய்தி வாசிப்பது போல. "சாப்பிட வாருங்கள். குழம்பு ஆறுகிறது" என்று அது சொன்னபோது அக்காவின் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டுதான் சாப்பிட வந்தாராம்.

நான் நேரில் பார்த்தது பசாரில். அக்கா வழக்கமாக வாங்கும் மீன் கடையில் எங்கள் ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. மீன்கார அண்ணன் விலை சொல்வார், அக்கா தட்டுவார், போன் பேசும்: "இது அநியாயம். இந்த மீனின் கண் சிவந்திருக்கிறது." அவர் கொஞ்சம் இறங்கி வருவார். அக்கா தட்டுவார். "போதாது. மேலும் குறைக்கவும்." பாவம், மீன்காரருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, இந்த ஆளோட என்னால பேரம் பேச முடியாதுலா, கொஞ்சம்கூட இரக்கமில்லாம பேசுறாரு. நீங்களே வாயத் தொறந்து கேளுங்க, கேட்ட விலைக்குத் தர்றேன்."

ஆடிக்குத் தெரியாத டின்னர்

மேகலாவின் சனிக்கிழமைக்கு முதல் ஆபத்து முடிதிருத்தும் கடையில் வந்தது. பாதித் தலை முடிந்து, கழுத்தில் துணி கட்டி, எழுந்து ஓட வழியில்லாத நிலையில் பத்து காவான் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். மகளுக்கு விசேஷமாம், வாசிக்க வேண்டுமாம். எந்தத் தேதி என்று கேட்டேன். வேறு எந்தத் தேதியாக இருக்கும்? அதே சனிக்கிழமைதான்.

"ஆடியில கல்யாணமா?" என்றேன். "சேச்சே, தாலி ஆனியிலயே கோயில்ல கட்டியாச்சு. இது சும்மா டின்னர். ஆடின்னா ஹால் ஈசியா கெடைக்குது" என்றார். மணமக்கள் மேடைக்கு வருவார்களா என்று கேட்டேன். வருவார்களாம். மாலை? மாற்றிக்கொள்வார்களாம். உறவினர் எல்லாரும் வந்து வாழ்த்துவார்களா? அதற்குத்தானே டின்னர் என்றார். எனக்கோ அந்த மேடையின் வாசனை இப்போதே மூக்கில் ஏறிவிட்டது. நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது. அப்போது பஸ் ஏறும் மேகலாவும், ஜன்னல் வழியாகக் கையாட்டும் யாழினியும் கண்ணாடியில் தெரிந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக "முடியாதுங்க" என்றேன். முடிதிருத்துபவரே கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த மனிதர் நான் ஆடிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நாற்காலியை நெருங்கி, தோளில் கைவைத்து, ரகசியமாகத் தைரியம் சொன்னார்: "தம்பி, நாம சொன்னாத்தானே ஆடிக்குத் தெரியும்? நீங்க கொஞ்சம் மெதுவா வாசிங்க, போதும்."

இரண்டே வார்த்தை

கணேசன் அண்ணனின் ஆடித் திட்டம் மைக்கைத் தொடுவதில்லை என்பதுதான். வருடம் பூராவும் "வருக வருக" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்குத் தபால்காரர் வந்தாலும் இரண்டு கைகளையும் விரித்து வரவேற்கும் அளவுக்கு வந்துவிட்டார். அதனால் ஒரு மாதம் சாதாரண மனிதராக இருந்து பார்க்கலாம் என்று ஆசை.

அவர் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கருமாதி, நானும் போயிருந்தேன். வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, சாப்பிட அழைக்க வேண்டும். மகனுக்கு அழுகை வந்து பேச முடியவில்லை. "அண்ணே, நீங்க ரெண்டு வார்த்தை" என்று மைக்கை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். கை மைக்கைப் பிடித்ததும் வாய் தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. "இந்த இனிய மாலைப் பொழுதிலே, தொலைதூரம் பாராமல் வந்து சிறப்பித்துக்கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே" என்று தொடங்கியவர், இடையில் எங்கோ தப்பு நடக்கிறது என்று உணர்ந்தாராம். ஆனால் ஓடும் வண்டியிலிருந்து எப்படிக் குதிப்பது? "இருந்து விருந்துண்டு செல்லுங்கள். மீண்டும் இதுபோன்றதொரு நிகழ்ச்சியில் விரைவில் உங்களைச் சந்திக்கும்வரை, விடைபெறுவது உங்கள் கணேசன்" என்று முடித்தே விட்டார். பழக்க தோஷத்தில் நான் கைதட்டப் போனதையும் மறைக்க விரும்பவில்லை.

முன்வரிசையில் தடியூன்றி உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அடுத்தது யாருன்னும் முடிவு பண்ணிட்டீங்களா? இல்ல, மொத வரிசையில நான்தான் உக்காந்திருக்கேன், அதான் கேட்டேன்."

விருந்தாளிகள்

சேவியர் கத்தோலிக்கர். அவர்கள் வீட்டில் ஆடி ஒரு பொருட்டில்லை. தவக்காலத்தில்தான் கல்யாணம் வைக்க மாட்டார்கள். எனவே அவன் சித்தப்பா மகளுக்கு நிபோங் திபாலில் ஆடியிலேயே கல்யாண விருந்து. குழுவையே விருந்தாளிகளாகக் கூப்பிட்டான். வேறொரு இசைக்குழு வாசிக்கிறது, நாம் போய் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். இப்படி ஒரு நாள் நமக்கு வாய்க்குமா என்று எல்லாரும் குடும்பத்தோடு கிளம்பினோம்.

விருந்து இரவு ஏழு மணிக்கு. நாங்கள் பிற்பகலே போய்விட்டோம். ஏன் போனோம் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணம் என்றால் அப்போதுதான் போவோம். மேசைக்குத் துணிகூட விரிக்கவில்லை. நேரத்தைப் போக்க கணேசன் அண்ணன் அந்தக் குழுவின் மைக்கையெல்லாம் சோதித்துக் கொடுத்தார். சேவியர் அவர்கள் டிரம்ஸைப் பிரித்து மாட்டினான். நான் வயர் சுற்றினேன். பட்டுப்புடவையில் வந்த மேகலா இதையெல்லாம் ஒரு தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே நான் அடுத்த வயரை எடுத்தேன். மலைப்பயணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. மணமக்கள் நுழையும் நேரத்தில் அந்தக் கீபோர்டுக்காரர் சுருதியைத் தப்பாக எடுத்தபோது நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். மேகலா என் வேட்டி நுனியை மிதித்துக்கொண்டிருந்ததால் மீதிப் பாதி எழ முடியவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்ததும் எங்களுக்குக் கால் தானாக மேடைக்குப் பின்னால் போனது. அங்கே வழக்கம்போல் பிரியாணிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் வைத்து, எப்போதும்போல் அவசர அவசரமாகச் சாப்பிட்டோம். ஆகா, அந்த ருசியே தனி. கேட்டரிங்காரர் தண்ணீர் எடுக்க வந்தவர் எங்களைப் பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டார். "அலாமாக், அண்ணே, நீங்க இன்னைக்கு கெஸ்ட்டுலா! அங்க மேசையில ஆட்டுக்கறி ஆறிக்கிட்டு இருக்கு, இங்க மேடையில வாசிக்கிற அந்தப் பசங்களோட சாப்பாட்ட முடிச்சிட்டீங்களே!"

மலையில் குளிர்

சனிக்கிழமை வந்தது. என் போனை அணைத்து, அலமாரிக்குள் போர்வைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வண்டி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு யாழினி வாந்தி எடுத்தாள். எனக்கு அதுகூட மங்கள வாத்தியமாகக் கேட்டது. ஒரு சனிக்கிழமை மாலை, வெளிச்சத்தில், குடும்பத்தோடு, குழுவின் கறுப்புச் சட்டை போடாமல் இருக்கிறேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். மேகலாவிடம் சொல்வதற்கு நாலு நல்ல வார்த்தைகளும் மனசுக்குள் தயாராக இருந்தன.

சொல்லத்தான் விடவில்லை. அறைக்குள் நுழைந்ததும் அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு பால்கனியில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த புக்கிங் போன் மணி அடித்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது. "ஆவணி ரெண்டாவது சனியா? பார்க்கிறேங்க... மாப்பிள்ளை வீடு எந்த ஊருங்க?" அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் யாழினியின் பின்னால் ஓடினேன். ஸ்ட்ராபெரி தோட்டத்தில் ஓடினேன், தேயிலைச் சரிவில் ஓடினேன், ஸ்வெட்டர் போடமாட்டேன் என்று அடம்பிடித்து விடுதியைச் சுற்றி அவள் ஓட, ஸ்வெட்டரும் கையுமாக நானும் ஓடினேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்து பார்த்தால் மேகலா மூன்றாவது கோப்பையில் இருக்கிறாள்.

எனக்கு உண்மையாகவே மனசு விட்டுப்போனது. இத்தனை ஆடி கழித்து ஒருவன் பக்கத்தில் வந்து நிற்கிறான், அவனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. "இங்க வந்தும் போனா? அத அணைச்சு வச்சிட்டு ரெஸ்ட் எடு மேகலா" என்றேன், திருந்தியவனுக்கே உரிய அதிகாரத்தோடு. அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள்: "ஆடியில உங்களுக்குத்தான் லீவு, எனக்கு இதுதான் சீசன்; ஆவணிக்கு இப்பத்தானே கூப்பிடுவாங்க? வீட்டுல யாழினி போடுற சத்தத்துல ஒரு போன்கூட ஒழுங்காப் பேச முடியல, அதுக்குத்தான் நீங்க கண்டிப்பா வரணும்னு சொன்னேன். போங்க, அதோ பாருங்க, அவ ஸ்வெட்டரக் கழட்டிட்டா."

ஆகவே மேடைக்காரர்களே, ஆடியில் ஓய்வுக்குத் திட்டம் போடுவதில் தவறே இல்லை, ஆனால் அது யாருடைய ஓய்வு என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மலை ஏறுவது நல்லது.