இடது பக்கத்து ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பகல் முழுக்க குடோனில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், வீட்டிலும் வாசலுக்கும் சமையலறைக்குமாக ஓடிக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடும். ஒல்லியின் காலில் வண்டி ஏறிய நாளிலிருந்து அது இன்னும் மோசம்.

ஒல்லி அதே குடோனில் சரக்கு அடுக்குகிறவர். இடது பக்கமிருந்து அவர் வந்திருக்கிறார், இவர் வண்டியைத் திருப்பியிருக்கிறார், பாதம் நசுங்கிவிட்டது. "நான் கத்தினேன், அண்ணன் காதுலயே வாங்கல" என்கிறார் ஒல்லி. "அவன் வாயே திறக்கல" என்று சாதிக்கிறார் இவர். வெள்ளிக்கிழமை விசாரணை. இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் என்பதால் இவர் பேச்சுதான் எடுபடும். கத்தாமல் குறுக்கே வந்தார் என்று முடிவானால் ஒல்லிக்கு வேலை போய்விடும். அந்த வீட்டில் சம்பாதிக்கிறது அவர் ஒருத்தர்தான்.

இவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே. இவருக்கு இடது காது மந்தம். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் பதில் வராது. வலது பக்கம் போய்க் கூப்பிட்டால் "எதுக்கு இப்படிக் கத்துற?" என்று எரிந்து விழுவார். காது டாக்டரிடம் போகலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "என்னைச் செவிடன்னு சொல்றியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

விசாரணை நெருங்க நெருங்க, அவருக்கு எதையாவது பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது போல. பழைய ஆசையைத் தூசி தட்டினார்: நாலு பக்கமும் சத்தம் வருகிற ஹோம் தியேட்டர். போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். மற்ற நேரமாக இருந்தால் "இருக்கிற டிவி போதாதா?" என்று அன்றைக்கே முடித்திருப்பேன். இந்தத் தடவை அவருக்கு முன்னால் நான் செருப்பை மாட்டினேன். பின்னால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று ஸ்பீக்கர். நான் சொல்லி மண்டையில் ஏறாதது, அந்தப் பெட்டி சொல்லியாவது ஏறட்டுமே!

கடைக்காரர் தங்கமான மனுஷர். "வயர்லெஸ் எடுத்துக்கோங்க சார். ஹாலுக்குக் குறுக்க வயர் ஓடாது" என்றார்.

இவர் ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது என்ன, வாலா?"

"அது கரண்டுக்கு சார். சத்தம்தான் காத்துல வரும், கரண்டு வராதே."

அதற்கு ஒரு மூச்சு சண்டை. எங்கள் சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயிண்டே கிடையாது. கடைசியில் டிவிக்குக் கீழே வைக்கிற சவுண்ட்பாரும், சார்ஜ் போட்டு வைக்கிற பின் ஸ்பீக்கர் ரெண்டுமாக வாங்கிக்கொண்டு வந்தோம்.

டிவியில் மழை பெய்கிற காட்சியைப் போட்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டார். "இடது பக்கம் வெறுமனே முனகுது. ஓட்டை சாமானைத் தலையில கட்டிட்டான்!" மறுநாள் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். புதுசும் முனகியது. மறுபடி கடை. கடைக்காரர் தன் காதாலேயே கேட்டுப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு சார்?" என்று பாவமாக என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு ஜோடியைக் கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம். எனக்கு அடுப்படியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடிந்தால் விசாரணை, இவரோ ஸ்பீக்கரைச் சபித்துக்கொண்டிருக்கிறார். பொறுக்க முடியாமல் ஹாலுக்கு வந்தேன்.

"ரெண்டையும் இடம் மாத்தித்தான் வைங்களேன்" என்றேன்.

மாற்றி வைத்தார். இதுவரை முனகியது வலது பக்கம் போனதும் கணீரென்று பேசியது. கணீரென்று பேசியது இடது பக்கம் வந்ததும் முனகியது. சோபாவை ஜன்னல் பக்கம் இழுத்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி தள்ளினார். "செவுத்துலதான் ஏதோ கோளாறு" என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, சோபாவை அப்படியே திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மழை பெய்துகொண்டே இருந்தது. இதுவரை முனகிய ஸ்பீக்கர் இப்போது கணீரென்றது, மற்றது முனகியது. அவர் கை மெதுவாக இடது காதுக்குப் போனது. பொத்தினார், எடுத்தார். வலதைப் பொத்தினார். பொத்தியபடியே இருந்தார். ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் கால் நின்றுவிட்டது. இத்தனை நாள் அந்தக் கால் நிற்காதா என்று திட்டியவள், அது நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் டிவியை அணைத்தேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒல்லி கத்தியிருப்பானோ?"

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"வாயே திறக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. கட்டுப் போட்ட காலோட கிடக்கிறவனைப் பார்த்து, பொய் சொல்றியாடான்னு கேட்டேனே." ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நான் போய் என்னன்னு சொல்ல? காது கேக்கலன்னு சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்க. வண்டி இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கும் அந்தப் பயம் இல்லாமலா? ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். "அவன் கத்தலைன்னு சொல்லாதீங்க. எனக்குக் கேக்கலைன்னு சொல்லுங்க. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

பதில் இல்லை. கோபமோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம்.

சோபாவில் தன் வலது பக்கத்தைக் கையால் தட்டினார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றார்.

எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.