நான் எழுதிக் கொடுத்த பாஸ்

கிண்டிக் காட்டை ஒட்டிய ஒரு வளாகத்தில் எங்கள் குடியிருப்பு. அடையாறு பக்கத்து வாசலுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சாலை உண்டு. அதில் வண்டிகள் பறக்கும். ஒரே கோடையில் இரண்டு புள்ளிமான்கள் அடிபட்டுச் செத்தன. அந்தச் சாலையோரப் புல்லிலேயே சினையாயிருந்த இன்னொரு மானும் மேய்ந்துகொண்டிருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும். சாலையை மூடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். நிர்வாகம் சாலைக்குக் குறுக்கே சங்கிலி போட்டது. அவசரக்காரர்களுக்கு மட்டும் பாஸ். அதை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மான் குட்டி போட்டது. தாயும் குட்டியும் நட்டநடுச் சாலையில் படுத்து அசைபோட்டதைப் பார்த்து, தனியாக நின்று பைத்தியம்போலச் சிரித்தேன்.

அந்த நிம்மதி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மேல்வீட்டு மாமா வந்து நின்றார்.

"எங்காத்துப் பேத்திக்கு மயிலாப்பூர்ல பாட்டு கிளாஸ். சுத்திண்டு போனா லேட்டாயிடறது. வாரத்துல ரெண்டே நாள்தான், கொஞ்சம் மனசு வைங்கோ."

நான் ஜுரத்தில் கிடந்தபோது ரசம் கொண்டுவந்து கொடுத்த மனிதர். எப்படி முகத்தை முறித்துக்கொள்வது? எழுதிக் கொடுத்தேன். பாழாய்ப்போன தாட்சண்யம்! அதைக் கேள்விப்பட்டுக் கீழ்வீட்டு அம்மாள் முட்டிவலியைச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு பள்ளி ஆட்டோ, பால் வண்டி. ஒவ்வொருவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

"இன்னாம்மா, நாள் பூரா சங்கிலிய கழட்டிக்கினே கீறேன். ஒரேடியா அவுத்துப் போட்றட்டா?" என்றார் வாட்ச்மேன். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் கூட்டம் போட்டு, எல்லா பாஸையும் ரத்து செய்யலாம் என்று கெஞ்சினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராக என் காதருகே வந்து, தங்களுடையதை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். நானும் எல்லோருடையதையும் விட்டுவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். போட்டது போட்டபடி ஓடினேன். தாய்மான் சாலையில் கிடந்தது. இடித்த வண்டி நிற்கவில்லை. குட்டி மடியை முட்டி முட்டிப் பால் தேடிக்கொண்டிருந்தது. "அடப்பாவிகளா!" என்று அலறினேன். அந்தப் பாவிகளில் முதல் ஆள் நான்தான் என்று அலறும்போதே தெரிந்தது.

அதற்குள் பள்ளி ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. மிரண்டுபோய்க் குட்டி புதருக்குள் ஓடியது. கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"இனிமே ஒரு வண்டியையும் விடமாட்டேன்!"

டிரைவர் இறங்கிவந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாவம்தாம்மா. ஆனா பசங்களுக்குப் பரீட்ச இன்னிக்கி. நீங்க குடுத்த பாஸுதானே கீது? கொஞ்சம் ஓரமா நில்லும்மா."

பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஓரமாக நின்றேன். ஆட்டோ மானைச் சுற்றிக்கொண்டு போனது.