கேட்காதவர்கள் மேல் தப்பில்லை

மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே செந்தாமரை மோட்டாரை நிறுத்திவிடுகிறாள். பெல்ட் தடதடத்து அடங்குகிறது. பாதி அரைபட்ட மல்லி தொட்டிக்குள் அப்படியே நிற்கிறது. காத்திருப்பவர்கள் கரண்டு போய்விட்டதென்று நினைத்து மேலே பல்பைப் பார்க்கிறார்கள். பல்பு எரிகிறது. வாசலோரம் நின்ற ஒருத்தி பர்ஸிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொருத்தியிடம் நீட்டியதைச் செந்தாமரை பார்த்துவிட்டாள்.

"என்ன மாத்திரை அது?"

"இடுப்பு வலிக்குத்தேன் அக்கா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"ஒனக்குக் கேட்டுச்சு. அவ வேற என்னென்ன மாத்திரை திங்கிறான்னு ஒனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. வாங்க இருந்தவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. பிரஷருக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை; பேரெல்லாம் மெடிக்கல்காரருக்குத்தான் தெரியும் என்கிறாள். அட்டை பர்ஸுக்குள் திரும்பிப் போகிறவரை செந்தாமரையின் கை சுவிட்சுப் பக்கம் போவதில்லை. மல்லிக்குச் சொந்தக்காரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தால், அடுத்த பஸ்ஸில் போகச் சொல்லுவாள்.

அமராவதிபுதூரில் அவளைச் சண்டைக்காரி என்றுதான் சொல்லுவார்கள். அவள் மறுப்பதும் இல்லை. மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருமுனைவரை கேட்கும். புருவத்தில் எப்போதும் அரிசி மாவு. மிளகாய் அரைக்கிற நாளில் கண் இரண்டும் சிவந்திருக்கும். சரியாகக் காயாத மிளகாயைக் கொண்டுவருகிறவர்களிடம் சண்டை, கம்பி அறுந்தால் வராத லைன்மேனோடு சண்டை, மில் வாசலில் நிறுத்தாமல் போகிற டிரைவரோடு சண்டை. கோபம் அவளுக்குத் தினசரிச் சாப்பாடு மாதிரி. போன வருஷம்வரை அது அப்போதைக்கப்போது தீர்ந்துபோகிற கோபமாக இருந்தது. இப்போது இருப்பது தீருகிற கோபமில்லை.

மில்லின் பின்சுவரை ஒட்டி முத்துராமலிங்கத்தின் வீடு. நெல்லும் கடலையும் போடுகிறவர். அதிர்ந்து பேசமாட்டார். போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடி. படுத்தால் வலி, எழுந்தால் வலி. தூக்கமே போய்விட்டது. அந்த வேதனையில்தான், மில் சத்தத்தில் படுக்க முடியவில்லை, பகலில் அதை மூடவேண்டும் என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார். விஷயம் செந்தாமரை காதுக்கு எட்டியதும் அவள் மில்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இறங்கினாள். மனுக் கொடுத்ததுகூடப் பெரிதில்லை. அடுத்த சுவரில் இருக்கிற தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார் என்பதுதான் அவளைச் சுட்டது.

அந்த வீட்டு வாசலில் முத்துராமலிங்கத்தின் மனைவி அன்னக்கிளி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே டிவியை அணைத்திருந்தார்கள். நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் கூடத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அன்னக்கிளியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ரெண்டு மாசமா பொட்டுத் தூக்கமில்லைக்கா. இன்னைக்குத்தேன் அசந்து தூங்குறாக. நாளைக்கு வந்து திட்டுங்க."

வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். தூங்குகிற நோயாளியை எழுப்புவது மனுஷத்தன்மையா என்று யோசித்திருப்பார்கள். செந்தாமரை அன்னக்கிளியின் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். கட்டிலருகே நின்று, "அண்ணே, எந்திரிங்க. பஞ்சாயத்துக்கு மட்டும் போகத் தெரியுதுல்ல" என்று முழுக் குரலில் சத்தம் போட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். கட்டிலில் இருந்தவர் அசையவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. குறட்டை என்று எல்லோரும் நினைத்திருந்த சத்தம் பக்கத்திலிருந்து கேட்டபோது குறட்டையாக இல்லை. தொண்டையில் நீர் கொப்பளிக்கிற மாதிரி இருந்தது. அது நின்றது. அடுத்த மூச்சுக்காகக் காத்தாள். வரவில்லை. வரவில்லை. பிறகு எங்கோ ஆழத்திலிருந்து ஒன்று வந்தது. உதடு நாவற்பழம் தின்றவர் உதடு மாதிரி கறுத்திருந்தது.

அவள் அவர் கன்னத்தில் அறைந்தாள். அன்னக்கிளி அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். பெரியவர் ஒருவர், பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்றார். செந்தாமரை முத்துராமலிங்கத்தை ஒருக்களித்துப் புரட்டிப் போட்டாள். வாயிலிருந்து நுரை வழிந்தது. அப்புறம்தான் மற்றவர்களுக்கு விபரீதம் புரிந்தது. அப்போதும் நூற்றியெட்டுக்குப் போன் போட்டவள் அவள்தான்.

காரைக்குடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் வேலையிலிருந்த டாக்டர், ஒரு சின்னப் பையன், முத்துராமலிங்கத்தின் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. என்னென்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அன்னக்கிளி கட்டைப்பையை மேஜையில் கவிழ்த்தாள். காரைக்குடி எலும்பு டாக்டர் எழுதிய வலி மாத்திரை. அது கேட்கவில்லை என்று மதுரைக்குப் போனபோது நரம்பு டாக்டர் எழுதிய வேறொரு வலி மாத்திரை. பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் இரண்டையும் வேளை தவறாமல் கொடுத்தாள். அன்று காலையில் பார்க்க வந்த தங்கச்சி, மாமா பாவம், கொஞ்சம் தூங்கட்டும் என்று தன் பையிலிருந்து தூக்க மாத்திரை ஒன்று கொடுத்தாள். மதியம் முனகினாரே என்று அன்னக்கிளி இன்னொரு வலி மாத்திரையும் கொடுத்தாள்.

ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு சீரான பிறகு டாக்டர் வெளியே வந்து சொன்னார். வலி மாத்திரை இரண்டுக்கும் பேர் வேறு, நிறம் வேறு, வேலை ஒன்றுதான். அளவோடு ஒன்றைக் கொடுத்தால் வலியை அடக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சையும் அடக்கும். மேலே தூக்க மாத்திரையும் விழுந்தால், உடம்பு மூச்சுவிட மறந்துபோகும். பார்க்கிறவர்களுக்கு நல்ல தூக்கம் மாதிரியே இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் எழுந்திருக்கமாட்டார்.

செந்தாமரைக்கு முதலில் நினைவு வந்தது அணைத்து வைத்த அந்த டிவிதான். ஒரு வீடே சத்தம் போடாமல், காலடி வைக்காமல், ஒரு மனுஷன் சாவதற்கு வசதி செய்துகொடுத்திருக்கிறது. அத்தனை பேரும் அவர் மேல் பிரியமானவர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. படித்திருந்தால் இப்படிக் கொடுத்திருப்பாளா என்றார் பெரியவர். தூக்க மாத்திரை கொடுத்த தங்கச்சி, அக்கா இரண்டு தினுசு கொடுக்கிறாள் என்று தனக்கெப்படித் தெரியும் என்றாள். அன்னக்கிளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செந்தாமரை எதிரே போய் நின்றாள்.

"ஊசி போட்ட பையன் கேட்டான்ல? வந்ததும் வராததுமாக் கேட்டான்ல? அந்தக் கேள்வியை முன்னாடியே ஒருத்தர் கேட்டிருந்தா இவ ஏன் இங்குட்டு உக்காந்திருக்கா?"

முத்துராமலிங்கம் வீடு திரும்பிய பிறகு, அன்னக்கிளியைக் கையோடு இழுத்துக்கொண்டு இரண்டு டாக்டர்களிடமும் போனாள். எலும்பு டாக்டர், மதுரைக்குப் போகிறோம் என்று தன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். மதுரையில் கம்பவுண்டர் உள்ளேயே விடவில்லை. செந்தாமரையின் குரல் அவர்களை உள்ளே கொண்டுபோய் விட்டது. பழைய சீட்டைக் காட்டாதது யார் தப்பு என்று கேட்டார் நரம்பு டாக்டர். வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் அன்னக்கிளி, நம்ம மேலதான் தப்பு அக்கா, விட்டுருவோம் என்று மெதுவாகச் சொன்னபோது, முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் செந்தாமரை வெடித்தாள்.

"கேக்காதவுக மேல தப்பில்லையாம். சொல்லாதவ மேல தப்பாம். நல்லாருக்குடி ஞாயம்."

முத்துராமலிங்கத்துக்கு இப்போது ஒரே டாக்டர், ஒரே வலி மாத்திரை. வலி முழுதாகப் போகவில்லை. அன்றைக்கு மூச்சு நின்று நின்று வந்ததிலிருந்து பேசும்போது நடுவில் வார்த்தை தடுக்குகிறது. கடையில் வாங்க வந்ததை மறந்து நிற்கிறார். மனுவை மட்டும் திரும்பப் பெறவில்லை. மதியத்தில் மில் ஓடக்கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றினவளுக்கு இதுதானா கைம்மாறு என்று ஊர் சிரிக்கிறது. "அது வேற, இது வேற" என்கிறாள் செந்தாமரை. சுவருக்கு மேலே எட்டி மனுவுக்காக அவரைத் திட்டுவாள். அதே மூச்சில் காலை மாத்திரை போட்டாச்சா, ஒண்ணுதானே என்று அதட்டிக் கேட்பாள். அவர் எழுந்து நின்று ஒன்றுதான் என்பார்.

மூட்டை தூக்கித் தூக்கிப் போன வாரம் அவளுக்கே தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியாமல் காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் போனாள். நல்ல கூட்டம். அவள் எங்கே வலி என்று சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். சர்க்கரைக்கு அவள் இரண்டு மாத்திரை போடுகிறாள். பல் வலிக்காக வேறொரு டாக்டர் கொடுத்ததும் இன்னும் மிச்சமிருக்கிறது. அது ஒன்றும் அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

செந்தாமரை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வலிக்காத கையை நீட்டி, அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டின் மேல் விரல்களை அகல விரித்து அழுத்தி வைத்தாள். பேனா அவள் சுண்டுவிரலில் முட்டி நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். செந்தாமரை கையை எடுக்கவில்லை.