சகலையின் காரும் என் நூலும்

அந்தக் காரைப் பற்றிச் சகலையிடம் சொன்னதே நான்தான். கொழுந்தியாள் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம், வாயை மூடிக்கொண்டு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். பெரிய மேதாவி மாதிரி, கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் பழைய பிரெஞ்சு கார் ஒன்று கிடக்கிறது, இன்ஜின் இல்லை, சீட் இல்லை, கண்ணாடி இல்லை, வெறும் பாடிதான், ஆனால் அந்தக் கூரையின் வளைவு இருக்கிறதே என்று கையால் காற்றில் வரைந்து காட்டினேன். சகலை எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார். மறுவாரம் அந்தக் கார் மினி லாரியில் ஏறித் தவளக்குப்பம் போய்விட்டது.

எத்தனையோ வருஷமாக அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மதிலோரம் நிறுத்தி ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். பஸ் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் டிங்கரிங் வேலை பார்த்தவன் நான். மோதி நசுங்கி வரும் பஸ்களை நிமிர்த்தி அனுப்பிய கை இது. ரிட்டயர் ஆனதும் அதை வாங்கி நானே ஒவ்வொரு தகரமாகச் செய்து எழுப்புவது என்று மனசுக்குள் வைத்திருந்தேன். வீட்டில் ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். "எங்க நிறுத்துவீங்க? என் தல மேலயா?" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கவே இடம் போதாது.

சகலைக்கு இடத்துக்குக் குறையில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஊர் பாஷையில் சொல்தா. பென்ஷன் மாதம் பிறந்தால் வந்து விழும். கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஷெட் பிடித்தார், லோடு ஆட்டோவுக்குத் தகரம் அடிக்கிற ஒரு ஆளை வேலைக்கு வைத்தார், வேலையை ஆரம்பித்துவிட்டார். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனுஷன்! எனக்கு வயிறு எரிந்தது. வருத்தம், ஏமாற்றம் என்றெல்லாம் நாசூக்காகச் சொல்லலாம். பொறாமைதான், வேறொன்றுமில்லை.

பொறாமைப்பட்டவன் அந்தப் பக்கம் போகாமலாவது இருக்கவேண்டும். நானோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக ஷெட்டுக்குப் போய்விடுவேன். "ஸா வா, சகல?" என்று பிரெஞ்சில் நலம் விசாரித்து வரவேற்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். காபி வரும். அவருடைய செல்போன் ஒரு மூலையில் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும். நாள் முழுக்க நடக்கிற வேலை ஒரு நிமிஷத்தில் ஓடும்படி படம் பிடித்து, பிரான்சில் பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாராம். அவர்கள் சொல்லும் யோசனைகளை எனக்கே தமிழில் விளக்குவார். கையில் காபியோடு நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைச் செய்யலாமா சகல, எப்படிச் செய்யலாம் சகல என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் காருக்கு அடியில் படுத்திருப்பேன்.

தரையை வெட்டப்போகிற அன்றைக்கும் போயிருந்தேன். காரின் தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும் துருப்பிடித்து, விரலால் குத்தினாலே உதிர்ந்தன. வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்தக் காலத்துக் காரில் மொத்த பாடியையும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தரையும் பட்டையும்தான். அதனால் வெட்டுவதற்கு முன்னால் கதவு வரும் இடங்களில் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடு முதுகு தொங்கிப்போகும். லோடு ஆட்டோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கீழே தனியாகச் சட்டம் இருக்கிறது, மேலே எதை வெட்டினாலும் ஒன்றும் ஆகாது. அந்த ஆள் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யப்போகிறான். காரைத் தாங்க முன்பக்கம் இரண்டு செங்கல் அடுக்கு, பின்பக்கம் இரண்டு செங்கல் அடுக்கு, நடுவில் ஒன்றுமில்லை. குறுக்கு ஆங்கிள் ஒன்றுகூட இல்லை.

பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் கிரைண்டருக்கு பிளேடு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். நான் பாக்கெட்டிலிருந்து நூலை எடுத்தேன். மெழுகு தேய்த்த பருத்தி நூல், இழுத்தாலும் நீளாது. ஒர்க்‌ஷாப் நாளிலிருந்து அது இல்லாமல் நான் வெளியே போனதில்லை. அங்கே எங்களுக்கு டேப்பெல்லாம் பேச்சுக்குத்தான். மூலைக்கு மூலை நூல் பிடித்து முடிச்சுப் போடுவதுதான் கணக்கு. இடது கதவு வாசலுக்கு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு நூல் பிடித்து ஒற்றை முடிச்சு. வலது கதவு வாசலுக்கு அதே மாதிரி இரட்டை முடிச்சு. வெட்டிய பிறகு எவ்வளவு கோணிப்போகிறது என்று பார்க்கத்தான் அளந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். நூல் என் பாக்கெட்டுக்குள் போயிருந்தது. "என்னா சகல, ஆரம்பிக்கலாமா?" என்று சகலை கேட்டார். சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்டதுதான். தடுக்க வேண்டுமானால் அதுதான் நேரம். "ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்றேன். கிரைண்டர் சத்தத்தில் காபியைக் குடித்து முடித்தேன்.

அடுத்த மாதம் புதுத் தரை போட்டு வெல்டிங் முடித்துக் கதவுகளை மாட்டிப் பார்த்தார்கள். இடது கதவு கீழே இடித்தது, மேலே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. வலது கதவு மூடவே இல்லை. சுத்தியால் தட்டினார்கள், அரத்தால் தேய்த்தார்கள், கீலை மாற்றிப் பார்த்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வாரம்தான் அது. பிறகு கொழுந்தியாள் என் மனைவிக்கு போன் செய்தாள். "அவரு சரியா சாப்புடறதே இல்லக்கா. ஷெட்டுலேயே போய் ஒக்காந்துக்கறாரு. கார எடைக்குப் போட்டுடலாம்னு சொல்றாரு." எடைக்கா? அந்தக் கூரையின் வளைவை நசுக்கிக் கட்டாகக் கட்டிப் போடுவார்களா? அன்றைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தகரம் அடிக்கிற ஆள் வரவில்லை, சகலை மட்டும் இருந்தார். "ஸா வா" இல்லை, காபியும் இல்லை. செல்போனை என் கையில் கொடுத்தார். வெட்டிய அன்றைக்கு ஸ்டாண்டில் நின்ற செல்போன் பிடித்த படம். அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். காலி ஷெட்டில் ஒரு கிழவன் பழைய ஊமைப்படத்துச் சார்லி மாதிரி குடுகுடுவென்று ஓடி, காரின் இடப்பக்கம் குனிந்து நூல் பிடிக்கிறான். வலப்பக்கம் ஓடுகிறான். முடிச்சுப் போடுகிறான். செங்கல் அடுக்குகளைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். நூலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்காருகிறான். கையும் களவுமாகப் பிடிபடுவது என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று அந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். சகலை செல்போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்த நூல் இருக்கா சகல?"

இருந்தது. எடுத்து நீட்டினேன். அந்தக் கார் நேராக இருந்தபோது எடுத்த அளவு உலகத்திலேயே அந்த ஒரு நூலில்தான் இருந்தது.

"நீங்களே புடிங்க," என்றார்.

சட்டையைக் கழற்றினேன். கதவுக்குக் கீழே ஓடும் பட்டைகளின் வெல்டிங்கை அறுத்தோம். நடுவில் இரண்டு ஜாக்கி வைத்து, அரைச் சுற்று ஏற்றுவது, நூல் பிடிப்பது, மறுபடி அரைச் சுற்று. மூன்று ஞாயிறு ஆனது. முடிச்சு மூலைக்கு வந்து உட்கார்ந்ததும் குறுக்கே ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தேன். பிறகுதான் பட்டை. ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை.

கதவுகள் மாட்டியதும் இரண்டும் ஒரே தள்ளில் மூடின. அன்று சாயங்காலம் சகலை குழுவில் போட்ட படத்தை எனக்கும் அனுப்பினார். காலி ஷெட்டில் நான் ஓடி ஓடி நூல் பிடிக்கிறேன், முடிச்சுப் போடுகிறேன். நூலைப் பாக்கெட்டில் போட்டது, நாற்காலியில் உட்கார்ந்தது, காபி குடித்தது எதுவும் அதில் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார். முடிச்சு போட்டதும் அடுத்த காட்சி, கதவு மூடுகிறது. கீழே பிரான்சிலிருந்து வரிசையாக பிராவோ, பிராவோ. சகலை மேலே எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு டீச்சரிடம் காட்டிக் கேட்டேன். "என் சகலை முன்யோசனைக்காரர். அவர் இல்லாவிட்டால் இந்தக் கார் இல்லை."

என் மனைவி செல்போனை வாங்கி இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். "பரவால்லயே, பொறாமப்படாம கூட இருந்து செஞ்சு குடுத்துருக்கீங்களே" என்றாள்.

கார் அவரிடம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது. அதையெல்லாம்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் படத்தை அப்படி வெட்டத் தோன்றியதே அந்த மனுஷனுக்கு, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.